ஃபர்யால் மிஸ்ஸுக்கு ஏறவே இல்லை

"எழுதினதை அழிக்கணும்னா டஸ்டர் எங்கே?" என்று கேட்டார் ஃபர்யால் மிஸ்.

ஆசிரியைகள் எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சி கொடுக்க வந்திருந்த லுப்னா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"மிஸ், இது ஸ்மார்ட் போர்டு. டஸ்டர் வேண்டாம். விரலால தொட்டாப் போதும்."

"ஷாக் அடிக்காதே?"

மறுபடியும் சிரிப்பு.

ஜோர்டானில் கரக் என்ற ஊரின் பெண்கள் பள்ளிக்கு அந்த வருஷம்தான் ஸ்மார்ட் போர்டு வந்திருந்தது. மூன்று வாரத்தில் இன்ஸ்பெக்டர் வருகிறார். போர்டில் பாடம் நடத்தத் தெரியாதவர்களுக்குப் பத்தாம் வகுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

பயிற்சிக்கு வந்த ஒன்பது பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். முதல் நாள், "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று லுப்னா கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இரண்டாம் நாளிலிருந்து ஃபர்யால் மிஸ் திறந்த வாயை மூடவில்லை. போன மாதம்தான் தலைநகர் அம்மானிலிருந்து மாற்றலாகி வந்தவர். புவியியல் எடுக்கிறார். எதைத் தொட்டாலும் தப்பு. படத்தைப் பெரிதாக்கச் சொன்னால் தலைகீழாக்குவார். பேனாவைத் திருப்பிப் பிடிப்பார்.

அரபி எடுக்கும் வஜீஹா மிஸ்தான் கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"இருபத்தெட்டு வருஷமா சாக்பீஸ்லதான் சொல்லிக்குடுக்கிறேன். எவ கெட்டுப்போனா? இந்தப் பொட்டியெல்லாம் எனக்கு வேண்டாம், ஆளை விடு" என்று சொல்லியிருந்தார்.

நாலாம் நாள், ஃபர்யால் மிஸ் ஒரே பட்டனை ஏழு தடவை தட்டினார். ஏழு பக்கம் திறந்துகொண்டது.

"ஐயோ, இப்ப என்ன பண்றது?"

வஜீஹா மிஸ்ஸுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து விறுவிறுவென்று வந்தார்.

"தள்ளு அந்தப் பக்கம்! மூலையில பெருக்கல் குறி இருக்கு பாரு, அதைத் தொடு. கண்ணை எங்கே வச்சிருக்கே?"

சொன்னதோடு தானே தொட்டுக் காட்டினார். ஏழு பக்கமும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. வஜீஹா மிஸ் தன் விரலையே ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஃபர்யாலைத் திருத்த ஆளாளுக்குப் போட்டி. லுப்னாவுக்கோ எரிச்சல் தாங்கவில்லை.

"மிஸ், உங்களால எல்லார் நேரமும் வீணாகுது" என்று ஒருநாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

"மன்னிச்சுக்கோ கண்ணு. இந்த மண்டையில ஏறமாட்டேங்குது" என்றார் ஃபர்யால் மிஸ்.

இன்ஸ்பெக்டர் வந்தார். நேராக வஜீஹா மிஸ்ஸின் பத்தாம் வகுப்புக்குப் போனார்.

சிதறிக் கிடந்த சொற்களை மாணவிகள் ஒவ்வொருத்தியாக வந்து விரலால் நகர்த்தி வாக்கியமாக்கினார்கள். இலக்கண வகுப்பில் அப்படி ஒரு கலகலப்பை அந்தப் பள்ளி பார்த்ததில்லை.

திடீரென்று போர்டு இருண்டது.

பின்னால் நின்ற லுப்னா பதறி முன்னால் ஓடினாள். வஜீஹா மிஸ் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ இரு, நான் பார்த்துக்கறேன்."

வயரைப் பிடுங்கி, மறுபடி செருகி, ஒரு தட்டு. போர்டு பளிச்சென்று எரிந்தது. மாணவிகள் மேஜையைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் கைதட்டினார்.

"பிரமாதம்! எப்படி மிஸ் கத்துக்கிட்டீங்க?"

"எங்க ஃபர்யாலுக்குச் சொல்லிக்குடுத்துச் சொல்லிக்குடுத்தே வந்துடுச்சு" என்றார் வஜீஹா மிஸ், முகமெல்லாம் சிரிப்பாக.

லுப்னாவுக்குச் சுருக்கென்றது. சொல்லிக்கொடுத்தது நானா, அந்த அம்மாவா?

மாலையில் தலைமையாசிரியையிடம் பட்டியலை நீட்டினாள்.

"எட்டுப் பேர் தேறிட்டாங்க மேடம். ஃபர்யால் மிஸ் மட்டும் பெயில். அவங்களுக்கு எத்தனை சொன்னாலும் ஏறாது."

தலைமையாசிரியை பட்டியலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அம்மான்ல அவங்க பதினாலு வருஷம் கம்ப்யூட்டர் டீச்சரும்மா. இங்கே அந்த இடம் காலியில்லைன்னு புவியியல் எடுக்கிறாங்க."

லுப்னா பட்டியலைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள்.

"முதல் நாள் வகுப்பு முடிஞ்சதும் நேரா என்கிட்ட வந்தாங்க. 'வெட்கத்துல ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டேங்கறாங்க மேடம். அங்கே ஒரு மக்கு இருந்தா மத்தவங்களுக்குத் தைரியம் வந்துடும். அந்த மக்கா நானே இருந்துட்டுப் போறேன்'னாங்க."