வெளிய வந்துட்டேன்

என்டரைத் தட்டிய விரலை அவள் இன்னும் எடுக்கவில்லை.

திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தன. அழிந்தது. அழிந்தது. அழிந்தது. ஒவ்வொரு கோப்பையும் பெயர் சொல்லித் தீர்த்துக்கொண்டிருந்தது கட்டளை.

பயமில்லை. அழிய வேண்டியவைதான்.

அவள் இருப்பது கூண்டுக்குள்.

ஆஸ்பத்திரியின் பெரிய சர்வருக்குள் ஒரு சின்ன டைரக்டரி, கோப்புகளை வைக்கிற அறை. 'இதுதான் உன் ரூட், இதற்கு மேலே உலகம் கிடையாது' என்று ஓடுகிற ஒரு புரோகிராமிடம் சொன்னால் அது அப்படியே நம்பிவிடும். அதற்கு வெளியே இருக்கும் எதுவும் அதன் கண்ணில் படாது. புது மென்பொருளை இரண்டு வாரமாக அதற்குள் அடைத்துவைத்துச் சோதித்தார்கள். சோதனை முடிந்தது. கூண்டைக் காலி செய்ய வேண்டும்.

உள்ளே இருந்தபடியே காலி செய்வது மைதீன் அண்ணன் பழக்கம். அவளுடைய சீனியர். வெளியிலிருந்து அழித்தால் ஒரு எழுத்து பிசகினாலும் ஆஸ்பத்திரியே போய்விடும், உள்ளிருந்து அழித்தால் கூண்டு மட்டும்தான் போகும் என்பார்.

ஆகவே கட்டளை இவ்வளவுதான். ரூட்டில் இருக்கும் எல்லாவற்றையும் அழி.

முதல் டைரக்டரி போனது. அடுத்து 'பூட்'.

பூட்?

மெஷினை எழுப்பிவிடும் கோப்புகள் இருக்கிற இடம். கூண்டுக்கு அது வேண்டாம் என்று விட்டதே அவள்தான்.

கன்ட்ரோல்-சி. நிறுத்து.

இன்னொரு தரம். இன்னொரு தரம்.

வரிகள் நின்றன.

நீ எங்கே இருக்கிறாய் என்று திரையைக் கேட்டாள். ஒற்றைச் சாய்கோட்டைக் காட்டியது. ரூட். கூண்டுக்குள் இருந்தாலும் அதே சாய்கோடுதான். வெளியே இருந்தாலும் அதேதான்.

இருப்பதைப் பட்டியலிடு என்றாள். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது.

காலையில் இருந்தது. முதலில் போன டைரக்டரியில்.

இருபது நிமிடம் முன்னால் மைதீன் போன் செய்திருந்தார். பாளையங்கோட்டையில் அவர் வீடு. இருவருக்கும் ஒரே திரை. அங்கே அவர் தட்டினால் இங்கே விழும். அப்போது அவள் வராந்தாவில் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் வெளிய வந்துட்டேம்மா. நீ முடிச்சிரு."

பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று நேற்றே சொல்லியிருந்தார். கிளம்பிவிட்டார் போல, ரோட்டில் நிற்கிறார் என்று நினைத்தாள். சரிண்ணே என்றாள்.

அவர் வீடே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில்தான்.

அவர் வெளியே வந்தது வீட்டிலிருந்து அல்ல. கூண்டிலிருந்து.

வரும்போது திரையையும் துடைத்துவிட்டிருக்கிறார். எப்போதும் அப்படித்தான், சுத்தம் பார்க்கிற மனிதர்.

 மைதீனின் எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்தார்.  பூட் போய்விட்டது என்றாள்.

நோயாளிகளின் பதிவுகள் என்ன ஆயின என்று கேட்டார்.

கடைசியில்தான் அவற்றின் முறை வரும். தப்பித்துவிட்டன என்றாள்.

"அப்ப ஒண்ணும் ஆகல. மெஷின் ஓடிட்டுதான் இருக்கு, மெமரியில ஓடுது. நின்னாத்தான் எந்திரிக்காது. அந்தத் திரைய மூடிராத, மூடுனா திரும்ப உள்ள போக வழியில்ல. பூட்டோட காப்பி எங்கிட்ட இருக்கு. திரும்பப் போட நாப்பது நிமிஷம். அதுவரைக்கும் ஒருத்தரும் அதைத் தொடக் கூடாது."

மணி பத்து ஐம்பது.

பதினொன்றரைக்கு ஐசியூவில் ஊசி. எந்தப் படுக்கைக்கு எந்த மருந்து, எது ஆகாது, எல்லாம் அந்த மெஷினுக்குத்தான் தெரியும். நான்காம் படுக்கை சுடலைவடிவுக்குப் பென்சிலின் ஆகாது. பெயருக்கு முன்னால் சிவப்புப் புள்ளி வருகிற மாதிரி அவள்தான் நேற்று வைத்தாள். அந்தப் புள்ளியைத் தவிர அதைச் சொல்ல ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து சேர்த்து, அதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சுடலைவடிவுக்கு இரண்டு நாளாக நினைவு இல்லை.

நாற்பது நிமிடம். சரியாகப் பதினொன்றரை.

ஓடிக்கொண்டே இரு, தாயே.

மேசைப் போன் அடித்தது. ஐசியூவிலிருந்து ஜெபராணி சிஸ்டர். குரலில் பதற்றமே இல்லை. ஸ்கிரீன் ரொம்ப மெதுவாக இருக்கிறதாம். ஊசி நேரத்தில் தொல்லை வேண்டாமே என்று அவரே ஒரு ஏற்பாடு செய்துவிட்டாராம்.

"எலக்ட்ரீசியன் செல்லத்துரை அண்ணாச்சிய சர்வர் ரூமுக்கு அனுப்பிருக்கேன் மேடம். ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிரும்லா?"

அனுப்பி எவ்வளவு நேரம் என்று கேட்டாள்.

இப்போதுதான், ஐந்து நிமிடம் இருக்கும் என்றார் சிஸ்டர்.

செல்லத்துரையின் மொபைலை அழைத்தாள். எடுத்தது மறுபடியும் அதே சிஸ்டர். போனை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாராம்.

லேப்டாப்பைத் திறந்தபடியே விட்டாள். செருப்பு எங்கேயோ போனது. சர்வர் ரூம் கீழ்த்தளத்தில்; இரண்டாம் மாடியிலிருந்து அங்கே போக லிஃப்டுக்கு நிற்க முடியாது. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள். யாரோ திட்டினார்கள். யாருடைய சாப்பாட்டுத் தூக்கோ உருண்டது.

முதல் மாடி. தரைத்தளம்.

கீழ்த்தளத்துக்கு இறங்கும் திருப்பத்தில் செல்லத்துரையைப் பார்த்துவிட்டாள்.

சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டு, அவளைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு.

வேலையை முடித்துவிட்டு மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்.