அறிவிப்பின் கடைசி வரி

"இது பச்சை மிரட்டல்!" மேஜையில் ஓங்கித் தட்டினார் சுகெங்.

எதிரே உட்கார்ந்திருந்த விவித் அசையவில்லை. தட்டின வேகத்தில் தளும்பிய காப்பி கிளாஸை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

சுரபாயா நகரின் கெந்தெங் சந்தையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். சுகெங்கின் கம்பெனி செய்து விற்கிற மெயில் புரோகிராமில் பெரிய ஓட்டை இருக்கிறது என்று கம்பெனிக்கே எழுதிப் போட்டவள் அவள்தான். ஜாவாத் தீவு முழுக்க கிளினிக்கும் கூட்டுறவுச் சங்கமும் அதில்தான் மெயில் பார்க்கின்றன. வந்த மெயிலைத் திறக்கக்கூட வேண்டாம், பட்டியலில் அதைத் தொட்டாலே பாஸ்வேர்டு களவு போய்விடும்.

"மிரட்டலா? சொல்லிட்டு தொண்ணூறு நாள் பொறுக்கிறது இந்தத் தொழில்ல வழக்கம் சார். பொறுத்துட்டேன். நாளைக்கு ஊருக்கே சொல்லுவேன். அதுக்குள்ள அப்டேட் விடுங்க."

"அப்டேட் ரெடி," என்றான் ஓரமாக லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த பொறியாளன் தாமார். "அறிவிப்பும் எழுதியாச்சு."

"படிங்க தம்பி."

"'புதிய பதிப்பு தயார். சிறு மேம்பாடுகள் செய்யப்பட்டுள்ளன.'"

விவித் சிரித்துவிட்டாள்.

"சிறு மேம்பாடா? கதவே இல்லாத வீட்டுக்கு இப்பத்தான் கதவு வெச்சிருக்கீங்க. திரைச்சீலை மாத்தினோம்னு சொல்றீங்களே! இதைப் படிச்சா எந்த கிளினிக்காரன் அப்டேட் போடுவான்? 'அப்புறம்'னு ஒரு அமுக்கு அமுக்கிட்டு சோத்துப் பொட்டலத்தைப் பிரிப்பான். நோயாளிங்க விவரம் அத்தனையும் எவன் கையிலயோ போகும்."

"ஓட்டைன்னு எழுதினா என் மானம் போகும்!"

"போகட்டும்."

தாமார் குனிந்து சிரிப்பை விழுங்கினான்.

சுகெங் குரலை இறக்கினார். "சரிம்மா. இங்கயே ஒரு வேலை தர்றேன். ஏசி ரூம். சந்தையில துரியன் வாடையில எதுக்குக் கெடந்து சாகற?"

"அந்த வாடை குளிச்சா போயிடும் சார். எனக்கு ரெண்டே விஷயம். 'ஆபத்தான ஓட்டை, இன்னிக்கே அப்டேட் பண்ணுங்க'ன்னு முதல் வரியில வரணும். கடைசி வரியில, கண்டுபிடிச்சவங்க பேரைப் போட்டு நன்றி சொல்லணும். எல்லாக் கம்பெனியும் போடுறதுதானே?"

"அதானே பார்த்தேன்!" சுகெங் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஊருக்கு நல்லது பண்ண வந்தவ மாதிரி பேசினியே, கடைசியில பேர் ஆசை!"

"ஆமா, பேர்தான். அது இல்லாம இந்த நாற்காலியைவிட்டு எந்திரிக்க மாட்டேன்."

"இப்படித்தான் இங்க ஒருத்தன் துள்ளினான். சத்ரியோன்னு பேரு. எப்பப் பாரு ஓட்டை, ஓட்டைன்னு. வெளிய தூக்கிப் போட்டேன். புரோகிராமைத் திருடி வித்தான்னு நாலு கம்பெனிக்குப் போனும் போட்டேன். ரெண்டு வருஷமா மோட்டார் சைக்கிள்ல ஆளேத்திட்டுத் திரியறான். உன் கடைக்கும் ஒரு போன் போதும்."

தாமாரின் விரல்கள் கீபோர்டிலேயே நின்றுவிட்டன.

"போடுங்க சார். தரையில துணி விரிச்சு ரிப்பேர் பார்த்து மேல வந்தவ நான். மறுபடியும் தரையில உக்கார எனக்கென்ன வெக்கம்? மணி நாலாச்சு. ராத்திரி பன்னெண்டு மணியோட என் தொண்ணூறு நாள் முடியுது. அவசரம் உங்களுக்குத்தான்."

சுகெங் கடிகாரத்தைப் பார்த்தார். தாமாரைப் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போட்டுத் தொலைடா."

தாமார் முதல் வரியை மாற்றினான். கடைசி வரிக்கு வந்தான். "உங்க முழுப் பேரு சொல்லுங்கக்கா."

"சத்ரியோ," என்றாள் விவித்.

சாய்ந்திருந்த சுகெங் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்க புரோகிராமைப் பிரிச்சு உள்ள பார்த்தேன் சார். நடுவுல ஒரு குறிப்பு கெடந்துச்சு. 'இங்கே ஓட்டை இருக்கிறது. முதலாளியிடம் மூன்று முறை சொல்லியாயிற்று. சத்ரியோ.' ரெண்டு வருஷத்துக்கு முந்தின தேதி. ஆளைத் துரத்தின அவசரத்துல அவர் எழுதினதை அழிக்க மறந்துட்டீங்க. அதையும் சேர்த்துத்தான் ஜாவா முழுக்க வித்திருக்கீங்க."

தாமார் அந்தப் பேரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். பிறகு தயங்கினான்.

"அப்ப உங்க பேருக்கா?"

விவித் ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள்.

"எனக்கெதுக்குத் தம்பி? கண்டுபிடிச்சது அவரு. நான் அதை எடுத்துப் படிச்சேன், அவ்வளவுதான்."