உதடு படும் இடம்

பெல்ஜியத்துக்குப் போகும் கோப்பைகளில், உதடு படும் விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள் பூ வேலை வரக்கூடாது என்பது வாங்குகிறவர்களின் நிபந்தனை. வண்ணத்தில் ஈயம் இருந்தால் வாய்க்குள் போய்விடுமாம். ஒவ்வொன்றாக அளந்து பார்த்துப் பெட்டியில் அடுக்குவது எமல்டாவின் வேலை. அந்த நாட்டுக்குப் போன அவள் கணவன் போனில் பேசியே ஏழு வருஷம் ஆகிறது. அன்று, அளந்து முடித்த ஒரு கோப்பையின் வெறும் விளிம்பில் அவள் உதட்டை ஒற்றி எடுத்ததை சூப்பர்வைசர் தனசிங் பார்த்துவிட்டான்.

“என்னக்கா பண்றீங்க? அது யார் வீட்டுக்குப் போகும்னு யாருக்குத் தெரியும்? ஒரு கோடிப் பேருக்கு மேல இருக்கிற நாடு.”

எமல்டா கோப்பையைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்குள் இறக்கினாள்.

“அதான் தம்பி, ஏழு வருஷமா பெட்டிக்கு ஒண்ணு.”