நம்பிக்கை இடைவெளி

மாவு மில்லின் தகரக் கூரை ஓட்டையில் இறங்கும் வெயிலில் வெள்ளைத் தூசி சுற்றுகிறது. எடை போடுகிறவள் மூட்டையைத் தராசிலிருந்து காலால் தள்ளிவிட்டுக் குழாயடியைப் பார்க்கிறாள். மூட்டை வாய் தைக்கிறவன் அங்கே முழங்கை மாவைத் தேய்த்துக் கழுவுகிறான். இருவரும் அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. புள்ளியியல் படிக்கிறார்கள். ஒரே நாளில் இருவருக்கும் லீவு கிடைக்காது. போன பருவத் தேர்வை அவன் எழுத, இவள் வேலையில் நின்றாள். இன்று இவள் முறை. இதையும் விட்டால் இவள் பதிவே ரத்து. லீவுச் சீட்டோ அவன் சட்டைப் பையில். "நான் நிக்கறேன்க்கான்னு நீதானேடா சொன்ன?" கைகளை உதறுகிறான். "சூப்பர்வைசர் எனக்குக் குடுத்துட்டாரு. நான் என்ன செய்ய?" "நீ முந்திப் போய்க் கேட்ட, குடுத்தாரு. என் டிபன்ல தின்ன வாய்தானே அது?" அவன் ஈரத் தலையைச் சீவுகிறான், சீப்பில் மாவு கட்டிக்கொள்கிறது. அடுத்த மூட்டை தொப்பென்று விழுகிறது, தராசு முள் நடுங்குகிறது. கேட்டருகே போனவன் திரும்பி, மிஷின் சத்தத்துக்கு மேல் கத்துகிறான். "அக்கா, நம்பிக்கை இடைவெளிக் கணக்குல எண்ணிக்கையால அப்படியே வகுக்கணுமா, ரூட் போட்டா?" 'அப்படியே' என்று சொன்னால் போதும், பரீட்சையில் தொலைந்தான். அவள் மூச்சை இழுக்கிறாள். "ரூட் போடணும்டா, மக்கு!" சாப்பாட்டு நேரங்களில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த அதே குரல், அவளைக் கேட்காமலே வந்துவிடுகிறது.