ஒழுகாத ரேடியேட்டர்

ஒரு காரின் இஞ்சின் அடிக்கடி கொதித்தது. அதன் உரிமையாளர் ஞானசிகாமணி கைபேசியில் ஒரு வீடியோ பார்த்தார். பார்த்து முடித்ததும் மெக்கானிக் ஆகிவிட்டார். ரேடியேட்டரில் ஓட்டை என்று தீர்ப்பளித்து, வாசலிலேயே ஸ்பானரோடு உட்கார்ந்தார்.

உண்மையில் குற்றவாளி இஞ்சினில் இருந்த தெர்மோஸ்டாட். சூடேறியதும் திறந்து தண்ணீரை ஆறவைக்க ரேடியேட்டருக்கு அனுப்ப வேண்டிய அந்தக் குட்டிக் கதவு, துருப்பிடித்து மூடியே கிடந்தது.

"அண்ணே, பழிய ஏத்துக்கிட்டுப் பேசாம போயிடுங்க. உங்களுக்கும் வயசாச்சு," என்றது அது.

"வயசானா ஓட்டை விழுந்துடுமாடா? போகச் சொன்னா போறேன். ஓட்டைன்னு பேர் வாங்கிட்டுப் போக மாட்டேன்," என்றது ரேடியேட்டர்.

ஞானசிகாமணி அதைக் கழற்றித் தரையில் வைத்தார். புதியதை மாட்டி, சந்தனம் குங்குமம் இட்டு, இஞ்சினை ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"புதுசு புதுசுதான்! எவ்வளவு ஜில்லுன்னு இருக்கு!" என்று அவர் பூரிப்பதற்குள் இஞ்சின் ஆவி கக்கியது.

"ஐயோ, எனக்குச் சூடான தண்ணியே வரலையே!" என்று அலறியது புதியது.

"எனக்கும் அதே கதைதான், தம்பி," என்றது பழையது.

ஞானசிகாமணிக்குச் சந்தேகம் வந்தது. பழையதின் வாய்களை அடைத்து, தண்ணீர் நிரப்பி, ஓட்டையைத் தேடிக் குனிந்தார். அது மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. அவர் மெல்ல நிமிர்ந்து, ஸ்பானரோடு இஞ்சின் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, எனக்காக ஏதாவது சொல்லுங்களேன்!" என்றது தெர்மோஸ்டாட்.

வயிறு நிறையத் தண்ணீரோடு, பழையது மூச்சை விடவே இல்லை.