மஞ்சள் கட்டம்

அம்மாவின் தையல் அறையில்தான் வைஃபை ஒழுங்காக வரும். துண்டுத்துணிகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்தேன்.

பக்கத்தில் லேப்டாப். திரையில் ஆளுக்கொரு கட்டமாகப் பதினோரு பெண்கள், என்னைப் போலவே படுத்திருந்தார்கள். எல்லோரும் சாப்பாட்டோடு சண்டை போட்டு ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்பியவர்கள். உடம்போடு மறுபடி பேசிப் பழகத்தான் இந்த ஆன்லைன் வகுப்பு.

“படுத்துக்கிட்டு மூச்சு விடறதுக்கு ஒரு க்ளாஸா? நான் சும்மாவே விடறேனே!” என்றபடி அம்மா மெஷினை நிறுத்தினாள்.

நிறுத்தினாளே தவிர, வெளியே போகவில்லை. கேமராவில் படாமல் ஸ்டூலில் உட்கார்ந்து என் இடுப்பைக் கண்ணாலேயே அளந்தாள். எட்டு மாதத்தில் இரண்டு முறை என் சட்டைகளின் பக்கத்தையலைப் பிரித்துத் தளர்த்தியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒரு பெருமூச்சு.

அந்தப் பெருமூச்சுக்குப் பயந்துதான் ஒரு காலத்தில் சோற்றையே விட்டேன். இனி விடுவதாக இல்லை. வேண்டுமானால் என் துணி எல்லாவற்றையும் அவள் தளர்த்தட்டும்.

எல்லோரும் மைக்கைத் திறந்து வைக்கவேண்டும், வயிற்றின் மேல் கை வைத்து அது சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்கவேண்டும் என்றார் பயிற்சியாளர்.

கேட்டோம்.

கடமுடவென்று ஒரு சத்தம். நீளமாக, கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

யார் பேசினாலும் அவர் கட்டத்தைச் சுற்றி மஞ்சள் கோடு மின்னும். இப்போது என் கட்டத்தில் மின்னியது. பேசியது வயிறு என்று லேப்டாப்புக்கு எங்கே தெரியும்?

பதினோரு பேரும் எழுந்து உட்கார்ந்து கைதட்டினார்கள். ஒருத்தி அழுதேவிட்டாள். வருஷக்கணக்காக அதட்டி வாயை மூட வைத்த வயிறு பசிக்கிறது என்று சொல்வது எங்கள் கூட்டத்தில் சின்ன விஷயமில்லை.

அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

முடியவில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா மேல் இல்லை. அவள் முதுகுக்குப் பின்னாலும் யாரோ நின்று அளந்திருப்பார்களே, அவர்கள் மேல்.

மைக்கை மூடு என்று அம்மா பதறிப்போய்ச் சைகை காட்டினாள். மூடவில்லை.

“அது என் வயிறு இல்ல. நான் வயிறு முட்ட சாப்பிட்டுட்டுத்தான் வந்து படுத்தேன். நீ சொல்லும்மா, கடைசியா எப்போ சாப்பிட்டே?”