நேர்மைக்கு ஒரு சான்று

புதிய வங்கி தொடங்க மூலதனமும் கட்டடமும் இருந்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். உரிமம் வழங்குபவர்களோ, நிறுவனர் நாணயமானவரா என்று அவருடைய பழைய சக ஊழியரிடமும் எழுதிக் கேட்பார்கள். நடைபாதை வியாபாரிகளுக்காகச் சிறு வங்கி தொடங்க விண்ணப்பித்த முன்னாள் காசாளர், தம்மோடு வேலை பார்த்த நண்பரின் பெயரைத் தயங்காமல் கொடுத்தார்.

உரிமம் மறுக்கப்பட்டது. நண்பர் எழுதிய பதிலும் மறுப்புக் கடிதத்தோடு இணைக்கப்பட்டிருந்தது: ‘ஒருமுறை இவருடைய பொறுப்பில் இருந்த பணம் குறைந்தது. தாமே எடுத்ததாக ஒப்புக்கொண்டார்.’

காசாளர் நேரே நண்பர் வீட்டுக்குப் போனார்.

“என்னடா இப்படி எழுதி வச்சிருக்கே? ஆறு வருஷமா நாயா அலைஞ்சேனேடா!”

“கேட்டதுக்குப் பதில் சொன்னேன். என்னைப் பொய் எழுதச் சொல்றியா?”

“ஆமா, பெரிய சத்தியசந்தன்! அன்னைக்கு நான் ஏன் ஒத்துக்கிட்டேன்னு எழுத வேண்டியதுதானே?”

“அதை அவங்க கேட்கலையே.”

காசாளர் கத்தினார். “பொண்ணு ஆஸ்பத்திரியில கிடக்கான்னு அந்தப் பணத்தை எடுத்தது நீடா! வேலை போயிடும்னு என் காலைப் பிடிச்சு அழுதியே!”

நண்பர் பதறி எழுந்து உள்கதவைச் சாத்தினார்.

“மெதுவாப் பேசுடா. பொண்ணு உள்ளேதான் இருக்கா. அவளுக்கு அப்பான்னா அவ்வளவு மரியாதை.”